கேட்டுக்கு முதுகைக் காட்டிய வண்டி

"மேல உங்களுக்கு இடமில்லம்மா. கீழ, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துல போட்டுக்கோங்க" என்றார் ஊர் சுற்றும் வீட்டு வண்டிகள் வந்து தங்கும் திடலின் மேனேஜர். கையிலிருந்த அட்டையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

டிரைவரம்மா ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. மேலே சமதளத்தில் ஆறு இடம் காலியாகக் கிடப்பது அவள் கண்ணுக்கே தெரிந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவளுக்குக் காலி இடம் எது என்று இன்னொருத்தர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

"அந்த ஆறு இடம் இருக்கே சார்?"

"அதெல்லாம் புது வண்டிக்கு ஒதுக்கினது."

கட்டிலும் அடுப்பும் ஃபிரிட்ஜும் வைத்த அவளுடைய வீட்டு வண்டிக்கு வயது இருபத்திரண்டு. பக்கவாட்டில் காவிநிறக் கோடு, அதற்கு மேல் துரு, துருவுக்கு மேல் அவளே பூசிய பெயின்ட். 'இந்த ஓட்டை மேலே நின்றால் என் திடலின் அழகு என்ன ஆவது' என்று மேனேஜர் வாயால் சொல்லவில்லை. மூக்கைச் சுருக்கியே சொல்லி முடித்துவிட்டார்.

"இன்னொண்ணு. எல்லா வண்டியும் கேட்டைப் பார்த்துதான் நிக்கணும். திடீர்னு தீப்பிடிச்சா நேரா வெளியேறணும்ல? அது இங்க சட்டம்."

சரி என்று வண்டியைக் கீழே இறக்கினாள். கேட்டுக்கு அருகே நல்ல சரிவு. சட்டப்படி கேட்டைப் பார்த்து நிறுத்தியதும் வண்டி மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி, வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து குதித்துவிட்டான். அவன் தச்சன். சரிவைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும்.

"நீ உள்ளயே இரு அக்கா. பத்து நிமிஷத்துல மட்டம் பண்ணித் தரேன்."

முன் சக்கரங்களுக்கு அடியில் பலகைமேல் பலகையாக அடுக்கினான். அவள் மெல்ல ஏற்ற, அவன் கை காட்ட, மறுபடியும் ஏற்ற, மறுபடியும் கை காட்ட, கடைசியில் வண்டித் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் நின்றது. அவன் முகத்தில் அப்போது வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். ஏதோ அந்தக் குமிழியைப் பெற்றவனே அவன்தான் என்பது மாதிரி.

"மயிரிழை பிசகல" என்றான்.

இந்த மட்டம் எதற்கு என்றால், எல்லாம் ஃபிரிட்ஜுக்காக. வீட்டில் இருக்கிற ஃபிரிட்ஜைப் போல இதற்கு மோட்டார் கிடையாது. முதுகுப் பக்கம் கேஸில் ஒரு சின்னச் சுடர் எரியும். அந்தச் சூட்டில் குழாய்க்குள் இருக்கிற மருந்துத் தண்ணீர் கொதித்து மேலே ஏறி, குளிர்ந்து, தன் கனத்தாலேயே கீழே வழிந்து வர வேண்டும். ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் அந்தத் தண்ணீர் வழியில் எங்கேயாவது தேங்கிவிடும். சுடர் வெறும் குழாயைச் சுட்டுக்கொண்டிருக்கும். வண்டி ஓடும்போது குலுங்குவதால் தேங்காது. நிற்கும்போதுதான் வம்பு.

ஃபிரிட்ஜுக்குள் இருந்தது தயிரோ தக்காளியோ என்றால் இவ்வளவு பாடு எதற்கு? நாலு ஊசிகள் இருந்தன. வாரத்துக்கு ஒன்று, வியாழக்கிழமை. இரண்டு வாரம் தவறினால் டிரைவரம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கி, ஸ்டியரிங்கைச் சுற்றி மடங்காது. ஊசி மருந்து எட்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மருந்துக்கடை வைத்திருக்கும் மகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற விஷயம் அது. ஃபிரிட்ஜுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஒட்டியிருந்தாள். உள்ளே எத்தனை டிகிரி என்பது கடையில் உட்கார்ந்திருக்கும் அவள் போனுக்குப் போய்விடும்.

முதல் பயணத்தில் மூன்றாம் நாளே உள்ளே பதினொன்று. ஊசிகள் குப்பைக்கு. இரண்டாவது பயணத்திலும் அதே கதை. இரண்டு முறையும் தம்பி மயிரிழை பிசகாமல் மட்டம் பார்த்துத்தான் வைத்திருந்தான். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும்போது மட்டும் அந்த ஃபிரிட்ஜ் பதினைந்து நாள் விடாமல் நாலு டிகிரியில் சமர்த்தாக ஓடியது.

"உங்கப்பா மாதிரிடி. வாசலைத் தாண்டினா கையும் ஓடாது, காலும் ஓடாது" என்று மகளிடம் டிரைவரம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் புருஷன் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மகள் சிரிக்கவில்லை. "மூணாவது தடவைதான் கடைசி. எட்டைத் தாண்டிச்சுன்னா சாவியை என் கையில குடுத்துடணும். வண்டியை வித்துட்டு வீட்டோட இருக்கணும். சரியா?"

"சரி" என்று சொல்லித்தான் கிளம்பியிருந்தாள். முப்பது வருஷம் ஒரே பாதை, அதே நாற்பத்திரண்டு நிறுத்தம். ஓய்வு பெற்ற அன்று, இனி எந்த நிறுத்தத்திலும் நான் நிறுத்த மாட்டேன், எனக்குத் தோன்றுகிற இடத்தில்தான் நிற்பேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டவள். அந்தச் சத்தியத்துக்கு இப்போது எட்டு டிகிரி கெடு.

இந்தத் திடலில் வந்து நின்ற பிறகு, காலை பத்து மணிக்கு உள்ளே ஐந்து. பதினொன்றுக்கு ஐந்தரை. பன்னிரண்டுக்கு ஆறே கால். போன் அடித்தது.

"அம்மா, ஏறுது."

"பார்த்துட்டுதான் இருக்கேன்."

"ஊசியை அங்க ஆபீஸ் ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்லு. நான் கிளம்பி வரேன். ஐஸ் பெட்டியை எடுத்துட்டு வரேன்."

"ஆபீஸ் ஃபிரிட்ஜ்லயா? இன்னைக்கு இவங்க ஃபிரிட்ஜ்ல வைப்பேன். நாளைக்கு மலைமேல நின்னா யார் ஃபிரிட்ஜ்ல வைப்பேன்? பந்தயம் என் ஃபிரிட்ஜுக்கும் உனக்கும்தானே? இங்கயே இருக்கட்டும்."

"பிடிவாதம்!"

"ஆமா. நீ எங்கிருந்து வந்தேன்னு நினைச்ச?"

போன் வைக்கப்பட்டது. கடையைச் சாத்திவிட்டு அவள் வந்து சேர எப்படியும் சாயங்காலம் ஐந்தாகும்.

தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைப் போனில் பிடித்தான். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான்.

"நேரா நிக்குதாண்ணே?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"வண்டி மயிரிழை பிசகாம நிக்குது. ரசமட்டம் வெச்சுப் பார்த்திருக்கேன்."

"நான் வண்டியைக் கேக்கலண்ணே. ஃபிரிட்ஜைக் கேக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா! ஃபிரிட்ஜ் வண்டிக்குள்ளதானே இருக்கு, வானத்துலயா தொங்குது?" தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அவன் தொழிலில் சந்தேகப்படுகிறவனிடம் அவனுக்கு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. போனை அணைத்துப் பையில் போட்டான்.

இரண்டு மணிக்கு ஏழு. ஒரு பயல் தப்பு செய்தால் பஸ்ஸை ஓரம் கட்டி இறங்கி ஒரு கை பார்த்துவிடலாம். இந்தப் பெட்டியை என்ன செய்வது? திறந்தால் குளிர் போய்விடும் என்று தெரிந்தும் பொறுக்க முடியாமல் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

கையை எடுத்ததும் கதவு தானாக ஓடிப்போய் முன்பக்கத்து அடுப்புமேடையில் டக் என்று இடித்தது.

"சனியனே" என்றாள் வழக்கம்போல. வெளியூர் வந்தால் இந்தக் கதவு இப்படித்தான். முதல் பயணத்திலேயே அந்த மேடை விளிம்பில் பெயின்ட் உதிர்ந்துவிட்டது. கதவைத் தள்ளி மூடியவள், மூடிய கையோடு அப்படியே நின்றாள்.

வீட்டில் இந்தக் கதவு ஒருநாளும் ஓடியதில்லை. பதினைந்து நாளும் விட்ட இடத்தில் நின்றது.

"டேய், அந்த ரசமட்டத்தைக் குடு."

"எதுக்கு?"

"குடுடா."

கதவைத் திறந்து, ஐஸ் தட்டுக்கு அடியில், ஃபிரிட்ஜின் சொந்தத் தரையிலேயே ரசமட்டத்தை வைத்தாள். குமிழி குழாயின் பின்பக்கக் கோடிக்கு ஓடி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. வண்டித் தரையில் வைத்தாள். நட்டநடுவில். மறுபடியும் ஃபிரிட்ஜில். மறுபடியும் கோடியில்.

"அந்தத் தட்டு கோணலா இருக்கும்" என்றான் தம்பி. குரல் அவ்வளவு திடமாக இல்லை.

"ஃபிரிட்ஜை யார் பொருத்தினது?"

"நான்தான். பழசைக் கழட்டிட்டு, பீடம் கட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மட்டம் பார்த்து, ஆப்பு வெச்சு..."

"எங்க வெச்சுப் பார்த்த?"

"வேற எங்க? நம்ம வாசல்ல. தெருவுல."

அவன் சொல்லி முடிக்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, பீடத்தை மறைத்திருந்த முகப்புப் பலகையின் நாலு திருகாணிகளையும் கழற்றினான். பலகை கையோடு வந்தது. உள்ளே அவன் கைவேலை சுத்தமாகத் தெரிந்தது: முன்பக்கம் பீடம் தரையோடு தரையாக, பின்பக்கம் இரண்டு விரல் உயரத்துக்கு ஆப்பு. எவ்வளவு நேர்த்தியான ஆப்பு! இழைத்து, மூலை உருட்டி, பசை தடவி, இரண்டு பக்கமும் ஆணி அறைந்து வைத்திருந்தான்.

"நம்ம தெரு சரிவுடா" என்றாள் அவள்.

"நம்ம தெருவா?"

"வண்டியோட மூக்கு மேட்டைப் பார்த்து நிக்கும். நீ அந்தச் சாய்வுலயே நின்னு ஃபிரிட்ஜை நேராக்கிட்ட. வண்டி நேரா நின்னா ஃபிரிட்ஜ் முன்னாடி சாயுது. வீட்டுல சரியாத்தான் ஓடும், ஏன் ஓடாது?"

தம்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறந்ததிலிருந்து ஐம்பத்தேழு வருஷம் அந்தத் தெருவில் இருக்கிறான். அந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு வாசற்கால் வைத்தவன் அவன். தெரு சரிவு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. "என் ரசமட்டம் பொய் சொல்லலையே அக்கா" என்றான் கடைசியில். அழுதுவிடுவான் போலிருந்தது.

அவனைத் திட்ட வாய் வரை வந்ததை டிரைவரம்மா மென்று விழுங்கினாள். ஏனென்றால் தினமும் சாயங்காலம் அந்த வண்டியின் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தவள் யார்? அவள்தான். முப்பது வருஷம் பஸ்ஸுக்கு வைத்த பழக்கத்தில், அதே கல்லை, அதே இடத்தில். சமதளமாக இருந்தால் கல் எதற்கு என்று அவளும் கேட்டுக்கொண்டதில்லை. டிரைவர் என்று பெயர் வேறு.

"எழுந்திருடா. பலகையை எல்லாம் உருவு."

"இரு, பீடத்தையே பிரிச்சு..."

"கேஸ் குழாயைக் கழட்டி மாட்ட உனக்கு ஒருநாள் ஆகும். அவ அஞ்சு மணிக்கு வந்துடுவா. நமக்கு இப்ப வேண்டியது நம்ம தெரு. அது இங்கயே கிடக்கு, காலுக்குக் கீழ. வண்டியைத் திருப்பணும், அவ்வளவுதான்."

சுடரை அணைத்தாள். தேங்கிய தண்ணீர் இறங்கட்டும் என்று அரைமணி நேரம் ஃபிரிட்ஜைத் தொடாமல் விட்டாள். அந்த அரைமணியில் உள்ளே ஏழரை ஆனது. அதற்குள் வண்டியைக் கிளப்பி, மேலே ஒரு வட்டம் அடித்து, கேட்டுக்கு முதுகைக் காட்டி, மூக்கு மேட்டைப் பார்க்க, அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஃபிரிட்ஜின் தரையில் ரசமட்டம். குமிழி கோடியை விட்டுக் கிளம்பி வந்து, நடுவை எட்ட இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே நின்றது. முன் சக்கரங்களுக்கு ஒரே ஒரு பலகை. குமிழி நடுவில் வந்து உட்கார்ந்தது.

இப்போது வண்டியின் தரையும் மேசையும் கட்டிலும் சாய்ந்திருந்தன. வண்டி முழுவதிலும் நேராக நின்ற ஒரே பொருள் அந்த ஃபிரிட்ஜ்தான். சுடரைப் பற்றவைத்தாள்.

மேனேஜர் வந்துவிட்டார். வராமல் இருப்பாரா?

"என்னம்மா இது? கேட்டைப் பார்த்து நிறுத்தணும்னு காலையிலேயே சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார். முடியாது."

"முடியாதுன்னா? சட்டம்மா."

"எதுக்கு அந்தச் சட்டம்?"

"தீப்பிடிச்சா உடனே வெளியேறத்தான்."

"அப்ப நான் உடனே வெளியேறிட்டா போதும், இல்லையா? மூஞ்சி எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

"ரிவர்ஸ்லயா? இவ்வளவு பெரிய வண்டியை? நடுவுல குப்பைத் தொட்டி, வளைவு வேற..." அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புதான் தப்பு. டிரைவரம்மாவிடம் கோபப்படலாம், சிரிக்கக் கூடாது.

"மணியைப் பாருங்க சார்" என்றாள்.

தம்பி பலகையை உருவுவதற்குள் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். வண்டி பின்பக்கமாகவே சரிவில் இறங்கியது. குப்பைத் தொட்டிகளுக்கும் வேலிக்கும் நடுவில், இரண்டு பக்கமும் அரை முழமே மிச்சம் இருக்க நுழைந்து, வளைவில் ஒடித்து, கேட்டுக்கு வெளியே போய், நடுரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. பள்ளிக்கூட வாசலில் அடிக்கிற அதே இரண்டு அடி. மேலே புது வண்டிக்காரர்கள் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

"எத்தனை?" என்று ஜன்னல் வழியே கேட்டாள்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாற்பது செகண்டு" என்று முனகினார்.

"மேல நிக்கிறதுல எது நாற்பது செகண்டுல வெளிய வரும்னு கேட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் திரும்பறேன்."

திரும்ப வந்து, அதே இடத்தில், அதே பலகையில் வண்டியை ஏற்றி நிறுத்தினாள். மேனேஜர் போகவில்லை. அட்டையைப் புரட்டினார், தொண்டையைச் செருமினார்.

"வேணும்னா மேல ஒரு இடம் பார்த்துத் தரலாம்மா. சமதளமா இருக்கும்."

"சமதளமா? ஐயோ, எங்களுக்கு ஆகாது சார்!"

அவர் போன பிறகு தம்பி காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கருவியில் ஏழு புள்ளி எட்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. வீறாப்பாகப் பேசியதெல்லாம் சரி. ஆனால் இன்னும் இரண்டு புள்ளி ஏறினால் சாவி போய்விடும். ஃபிரிட்ஜின் எதிரே தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். திறக்க மாட்டேன், யாரையும் திறக்க விடவும் மாட்டேன் என்று. கால் மணி நேரம் ஏழு புள்ளி எட்டு. அரைமணி நேரம் ஏழு புள்ளி எட்டு. அவளுக்குப் பயமாக இருந்தது. தம்பி வெளியே நின்று போனைப் பார்ப்பதும் பாக்கெட்டில் போடுவதுமாக இருந்தான். நாலு மணிக்கு ஏழு புள்ளி ஏழு.

"டேய்!" என்று அவள் கத்திய கத்தலில் அவன் தலையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

ஐந்தே காலுக்கு மகள் வந்தாள். கையில் ஐஸ் பெட்டி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியேறியவள், உள்ளே காலை வைத்ததும் தடுமாறி, பெட்டியை வாசற்படியிலேயே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா இது, வண்டி இப்படிச் சாய்ஞ்சு கிடக்கு?"

"வண்டிதானே சாய்ஞ்சிருக்கு. ஃபிரிட்ஜைப் பாரு."

மகள் கருவியைப் பார்த்தாள். ஆறு புள்ளி மூன்று. பிறகு போனில் காலையிலிருந்து ஏறி இறங்கிய கோட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ஏழு புள்ளி எட்டு வரைக்கும் போயிருக்கு. இன்னும் பாயின்ட் ரெண்டு போயிருந்தா?"

"போகலையே."

"அம்மா..."

"எட்டுன்னு சொன்னது நீ. நான் ஒத்துக்கிட்டேன். போகல."

மகள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா முகத்தில் அசடு வழிந்தது. "தெரு சரிவும்மா" என்றான், எல்லாம் அதிலேயே அடங்கிவிட்டது என்பது மாதிரி. "நாளைக்கு வேற பீடம் கட்டிடறேன். ஆனா இந்தத் தடவை முதல்ல வண்டிக்கு மட்டம், அப்புறம்தான் ஃபிரிட்ஜுக்கு."

மகள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவு விட்ட இடத்தில் நின்றது. ஒரு ஊசியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கடையில் ஆயிரம் ஊசி பார்த்த கண். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"தெளிவா இருக்கு" என்றாள். சொல்லப் பிடிக்காமல் சொன்னாள். "இன்னைக்கு வியாழக்கிழமை. போட்டுக்கோ."

சாய்ந்த இருக்கையில் காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, டிரைவரம்மா தொடையில் தானே ஊசியைப் போட்டுக்கொண்டாள். பிறகு மகளின் முகத்துக்கு நேராக வலது கையை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். ஐந்தும் மடங்கின. உள்ளங்கைக்குள் வண்டிச் சாவி இருந்தது.

மகள் அந்த முஷ்டியைப் பார்த்தாள். சாவியைக் கேட்கவில்லை.

"இந்தச் சரிவுல எப்படித் தூங்குவ?" என்றாள். "சரிஞ்சு கட்டில் கால்மாட்டுக்குப் போயிடுவியே."

"அதைத்தான் யோசிச்சுட்டிருந்தேன். கால் ஊனிக்க ஏதாவது வேணும்." டிரைவரம்மா வாசற்படியில் இருந்த ஐஸ் பெட்டியைக் கண்ணால் அளந்தாள். "அது சரியான உயரம்தான். உள்ள எடுத்துட்டு வா."